‘தாக்கல் செய்க’ என்று உத்தரவு வந்தால்: வங்கிக் கட்டணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டவருக்கு

நுகர்வோர் ஆணையத்தின் முதல் உத்தரவு கைக்கு வந்த அன்று அதை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் வழக்கு தோற்றுவிட்டதாகவே தோன்றியது. “முறையீட்டாளர் பிடித்தங்களின் விவரப் பட்டியலையும் கணக்கு அறிக்கையின் சான்றிட்ட நகலையும் இரண்டு வாரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் இருக்கும் ஆவணங்களைக் கொண்டு முடிவு செய்யப்படும்” என்று இருந்தது. பதறிப்போய் நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். கிளை மேலாளர் என்னை நிற்கவைத்துப் பேசியது முதல் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாட்டு கேட்டுக்கொண்டே காத்திருந்தது வரை எல்லாம் அதில் இருந்தது. அடுத்த வாய்தாவில் ஆணையத் தலைவர் கடிதத்தைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “பட்டியல் எங்கே?” பட்டியல் இல்லை. வழக்கு ஆறு வாரம் தள்ளிப்போனது.

நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்காமல் தானே வாதாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணமும் கிடையாது. அதனால் என்னைப் போல முதன்முறையாக உள்ளே வருகிறவர்கள் அதிகம். வழக்குப் போடுவது எப்படி என்று சொல்லித்தர ஆள் கிடைப்பார்கள். போட்டபின் உத்தரவு வந்தால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இடத்தில் நிற்பவருக்கானது.

முதலில் என் வழக்கு, ஏனெனில் உதாரணங்கள் எல்லாம் அதிலிருந்துதான் வரும். வேலை மாறியதும் பழைய சம்பளக் கணக்கை மறந்துவிட்டேன். சம்பளம் வருவது நின்றதும் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றியது. குறைந்தபட்ச இருப்பு 5,000 ரூபாய். என் கணக்கில் இருந்தது 4,720. மாதம் 500 ரூபாய் அபராதம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90, ஆக 590. 2023 ஏப்ரல் 5 முதல் டிசம்பர் 5 வரை ஒன்பது முறை பிடித்தார்கள். வட்டியாக வந்த சில்லறையை விட்டுவிட்டுப் பார்த்தால், எட்டாவது பிடித்தத்தோடு கணக்கு சுத்தமாகப் பூஜ்யம். ஒன்பதாவதில் கழித்தல் 590. ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. பாஸ்புக் பதிந்த அன்றுதான் ஒன்பது வரிகளையும் சேர்த்துப் பார்த்தேன்.

உத்தரவைப் படிப்பது

பென்சிலை எடுத்து உத்தரவில் நான்கு இடங்களில் கோடு போடுங்கள்: யாருக்குச் சொல்லியிருக்கிறது, என்ன வினைச்சொல், எந்தத் தேதி, தவறினால் என்ன. பெரும்பாலான உத்தரவுகள் வழவழவென்று நீளும். உங்களுக்கு வேண்டியது அதில் ஒரு வாக்கியம்தான். ‘தாக்கல் செய்க’, ‘விளக்கம் தருக’, ‘ஆஜராகுக’, ‘சம்மதத்தைத் தெரிவிக்க’ என்ற நான்கும் நான்கு வெவ்வேறு வேலைகள். ‘விளக்கம் தருக’ என்பதற்கு ஆவணக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தவறு. ‘தாக்கல் செய்க’ என்பதற்கு நான் செய்ததுபோல மனக்குமுறலைக் கொடுத்தாலும் தவறு.

பல நேரம் அந்த வாக்கியம் உங்களுக்கே இல்லை, வங்கிக்கு. ‘எதிர்தரப்பினர் பதிலுரை தாக்கல் செய்ய’ என்று இருந்தால் நீங்கள் செய்ய வேண்டியது அடுத்த தேதியைக் குறித்துக்கொள்வது மட்டும்.

நாள் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘இரண்டு வாரத்துக்குள்’ என்பது உத்தரவு தேதியிலிருந்தா, உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்தா என்று உத்தரவிலேயே பாருங்கள். சொல்லவில்லை என்றால் உத்தரவு தேதியிலிருந்தே எண்ணுங்கள். அதிகம் எண்ணி மாட்டிக்கொள்வதைவிடக் குறைத்து எண்ணி முந்திக்கொள்வது நல்லது. தொடக்க நாளைச் சேர்க்க வேண்டியதில்லை. கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம். தபால் உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள முத்திரைத் தேதி ஒருநாள் உதவும். தபாலுக்குக் காத்திருக்காமல் இ-ஜாக்ரிதி தளத்தில் உங்கள் வழக்கு எண்ணைப் போட்டு வாராவாரம் பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் நுகர்வோர் வழக்குகளுக்கு அதுதான் இணைய வாசல்.

மனுவைத் திருப்பியிருந்தால் (‘ரிட்டர்ன்’)

முதலில் வருவது பெரும்பாலும் உத்தரவே அல்ல. அலுவலகத்தின் குறைபாட்டுக் குறிப்பு. பக்க எண் இல்லை, வாக்குமூலத்தில் கையொப்பம் விட்டுப்போயிருக்கிறது, வங்கியின் முகவரி முழுமையாக இல்லை என்பது மாதிரி. வழக்கமாக 15 நாள் தருவார்கள். குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘சரிசெய்யப்பட்டது, பக்கம் இத்தனை’ என்று எழுதி மறுதாக்கல் செய்யுங்கள். வாதாட வேண்டாம். எத்தனை படிகள் வேண்டும் என்று கவுண்டரில் கேட்டுவிட்டே நகல் எடுங்கள். எதிர்தரப்பில் கிளை ஒன்று, தலைமை அலுவலகம் ஒன்று என்று இரண்டு பேரைச் சேர்த்திருந்தால் அதற்கேற்பப் படிகள் கூடும்.

பட்டியல் கேட்டிருந்தால்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். வழக்கின் முதுகெலும்பு இந்த ஒரு தாள்.

கணக்கு அறிக்கையைக் கிளையில் எழுதிக் கேட்டு, வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம், 1891இன்படி சான்றிட்டு வாங்குங்கள். தர மறுத்தால் கேட்ட கடிதத்தின் நகலையும், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் தாக்கல் செய்யுங்கள். மறுத்ததே உங்களுக்கு ஒரு சான்று. கைபேசியில் எடுத்த திரைப்படிகளை (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் நம்பி இருக்காதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் பிரிவு 63 சான்றிதழ் கேட்கிறது. ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை நீதிமன்றம் அளவுக்கு இறுக்கிப் பிடிப்பதில்லை. ஆனால் எதிர்தரப்பு வக்கீல் பிடிப்பார்.

பட்டியலில் ஆறு கட்டங்கள் போதும்: வரிசை எண், பிடித்த தேதி, அன்றைய இருப்பு, எவ்வளவு குறைவு, பிடித்த தொகை, அறிக்கையில் எந்தப் பக்கம். என் பட்டியலின் மூன்று வரிகள் இவை:

வரிசை 1: 2023 ஏப்ரல் 5. இருப்பு 4,720. குறைவு 280. பிடித்தம் 500 + 90. பக்கம் 3.

வரிசை 8: 2023 நவம்பர் 5. இருப்பு 590. குறைவு 4,410. பிடித்தம் 500 + 90. பக்கம் 6.

வரிசை 9: 2023 டிசம்பர் 5. இருப்பு 0. குறைவு 5,000. பிடித்தம் 500 + 90. பிடித்தபின் இருப்பு: கழித்தல் 590. பக்கம் 6.

இந்த மூன்று வரிகளும் வாயைத் திறக்காமலே வாதாடுகின்றன. இந்திய ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று வெளியிட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சுற்றறிக்கை நான்கு விஷயங்களைச் சொன்னது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும். அபராதம் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அபராதத்தாலேயே சேமிப்புக் கணக்கு கழித்தலில் போகக் கூடாது. இப்போது பட்டியலைப் பாருங்கள். 280 குறைந்தாலும் 500, 4,410 குறைந்தாலும் 500, விகிதம் எங்கே? ஒன்பதாவது வரி கணக்கைக் கழித்தலில் தள்ளியதை வங்கியின் சொந்த அறிக்கையே சொல்கிறது.

உங்கள் கட்டணம் வேறு வகையாக இருக்கலாம். இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்கள் கைவைக்காமல் செயலற்றுப்போன கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அபராதம் போட 2024 ஏப்ரல் 1 முதல் வங்கிக்கு அனுமதி இல்லை. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கூடாது. எதுவானாலும் முறை ஒன்றுதான்: விதியின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் பட்டியலில் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

பட்டியலோடு ஒரு மெமோ இணையுங்கள். மேலே வழக்கு எண், இரு தரப்பின் பெயர். கீழே இரண்டு வாக்கியம்: ‘இந்த மாண்பமை ஆணையத்தின் இன்ன தேதியிட்ட உத்தரவின்படி கீழ்க்கண்ட ஆவணங்கள் தாக்கல் செய்யப்படுகின்றன. ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.’ அவ்வளவுதான். ஒரு படியை வங்கிக்கோ அதன் வக்கீலுக்கோ கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை இணையுங்கள்.

‘எப்படி ஏற்பது என்று விளக்குக’ என்றால்

இது இரண்டு காரணத்துக்காக வரும்.

ஒன்று, காலக்கெடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 69 இரண்டு ஆண்டு தருகிறது. நான் வழக்குப் போட்டது 2025 மே 20. ஆகவே ஏப்ரல் 5, மே 5 ஆகிய முதல் இரண்டு பிடித்தங்களும் கெடுவைத் தாண்டிவிட்டன. வங்கியோடு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டே இருந்தது, ஆகவே காலம் ஓடவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். அது நிற்காது, கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதால் கெடு நீள்வதில்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவும் அதற்குப் பிரமாண வாக்குமூலமும் போடுங்கள். எத்தனை நாள் தாமதம் என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள், காரணத்தைத் தேதியோடு சொல்லுங்கள். ‘குறுஞ்செய்தி வரவில்லை, இன்ன தேதியில் பாஸ்புக் பதிந்தபோதுதான் தெரிந்தது’ என்பது காரணம். ‘வேலைப்பளு’ என்பது காரணம் அல்ல.

இன்னொன்று, அதிகார வரம்பு. இதில் விழாத புதியவர் அரிது. ‘அநியாயமான ஒப்பந்தம்’ என்ற சொல் காதுக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்! சட்டத்தின் பிரிவு 2(46)இல் அது இருக்கிறது. நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் என்றுகூட அங்கே எழுதியிருக்கிறது. ஆனால் அநியாய ஒப்பந்தம் குறித்த முறையீட்டை விசாரிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் ‘இங்கே எப்படி?’ என்று கேட்பார்கள். நீங்கள் கேட்பது ஒப்பந்தத்தை ரத்து செய்ய அல்ல, விதியை மீறிப் பிடித்த பணத்தை. அதனால் ‘என் முறையீடு சேவைக் குறைபாடும் முறையற்ற வணிக நடைமுறையும் பற்றியது’ என்று தெளிவுபடுத்தி விளக்க மனு கொடுங்கள். முறையீட்டிலேயே அந்தச் சொல் இருந்தால் திருத்த அனுமதி கேளுங்கள். ஊர் பற்றிய கேள்வியானால் கவலை இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட பிரிவு 34 இடம் தருகிறது.

உங்களைக் கேட்காமல் முறையீட்டை ஏற்பு நிலையில், அதாவது விசாரணைக்கு எடுப்பதா என்று பார்க்கும்போது, நிராகரிக்க முடியாது என்பது பிரிவு 36. ஆகவே அந்த வாய்தாவுக்குத் தவறாமல் போங்கள்.

சமரசத்துக்கு அனுப்பினால்

பிரிவு 37இன்படி, பேசித் தீர வாய்ப்பிருப்பதாகத் தோன்றினால் இரு தரப்பின் எழுத்துபூர்வ சம்மதத்தை ஐந்து நாளுக்குள் கேட்பார்கள். ஐந்து நாள் என்பது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். சம்மதமோ மறுப்போ, எழுதிக் கொடுத்துவிடுங்கள். என் கருத்து: போங்கள். 5,000 ரூபாய்க்கு வங்கி வக்கீலை அனுப்பிக்கொண்டே இருக்க விரும்பாது. பேச்சு முறிந்தால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வங்கியின் பதிலுரை வந்தபின்

வங்கிக்கு 30 நாள், ஆணையம் நீட்டித்தால் மேலும் 15. மொத்தம் 45க்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச் 4 அன்று, முந்தைய சட்டத்தில் இருந்த இதே கெடு குறித்துத் தீர்ப்பளித்தது. முறையீட்டின் நகலோடு நோட்டீஸ் வங்கிக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே நோட்டீஸ் சேர்ந்த தேதியைத் தபால் தடத்தில் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 46ஆம் நாள் பதிலுரையோடு வந்தால் அந்தத் தாளை நீட்டுங்கள்.

பதிலுரையில் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: விதிமுறைகளில் கையொப்பமிட்டார், கட்டண விவரம் இணையத்தில் உள்ளது, குறுஞ்செய்தி அனுப்பினோம். மூன்றாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அனுப்பியதற்கான பதிவைத் தாக்கல் செய்ய வங்கிக்கு உத்தரவிடக் கோரி மனுப் போடுங்கள். ஆவணங்களை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு.

அடுத்து உங்களுக்கு வருவது ‘நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்க’ என்ற உத்தரவு, அதாவது உங்கள் சாட்சியத்தைப் பிரமாணமாக எழுதிக் கொடுக்கச் சொல்வது. முறையீட்டில் சொன்னதை அப்படியே திருப்பி எழுதிக் கையொப்பமிடுவது பலரின் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பத்தியும் ஒரு சான்றாவணத்தைத் தொட வேண்டும்: ‘2023 டிசம்பர் 5 அன்று என் கணக்கு இருப்பு பூஜ்யமாக இருந்தது. அதே நாளில் 590 ரூபாய் பிடிக்கப்பட்டு இருப்பு கழித்தல் 590 ஆனது. இது சான்றாவணம் 2, பக்கம் 6இல் உள்ளது.’ உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். வங்கி வேண்டுமென்றே செய்தது, எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் இருக்காது. நோட்டரி முன்னிலையில் கையொப்பமிடுங்கள், வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

எழுத்துபூர்வ வாதுரை கேட்டால் மூன்று பக்கம் போதும். 5,310 ரூபாய்க்கு மன உளைச்சல் என்று 5 லட்சம் கேட்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கேட்கத் தடை இல்லை. ஆனால் பட்டியலால் சம்பாதித்த நம்பிக்கை அந்த ஒரு வரியில் கரைந்துபோகும்.

வாய்தா தவறிவிட்டால்

போக முடியாது என்று முன்பே தெரிந்தால் காணொலி வழியே ஆஜராக அனுமதி கேட்டு மனுக் கொடுங்கள்; பிரிவு 38 அதற்கு வழி செய்கிறது. முறையீட்டாளர் வராவிட்டாலும் வழக்கின் நியாயத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனாலும் ‘முறையீட்டாளர் வரவில்லை, தள்ளுபடி’ என்று உத்தரவு வருவதுண்டு. அப்படி வந்தால் அதே ஆணையத்தில் போய் நின்று கெஞ்சிப் பயனில்லை. மாவட்ட ஆணையம் தன் உத்தரவைத் தானே ரத்து செய்ய முடியாது என்று பழைய சட்டத்தின் கீழ் 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய சட்டம் தந்த மறுஆய்வு அதிகாரமும் பதிவில் வெளிப்படையாகத் தெரியும் பிழைக்கு மட்டும், அதுவும் 30 நாளுக்குள். உங்கள் வழி மாநில ஆணையத்தில் மேல்முறையீடு, 45 நாளுக்குள்.

பணம் தரச் சொல்லி உத்தரவு வந்தபின்

சான்றிட்ட நகல் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். வங்கி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் அதுவும் 45 நாளுக்குள், செலுத்த உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிய பிறகுதான். கெடு முடிந்தும் பணம் வரவில்லை என்றால் பிரிவு 71இன் கீழ் நிறைவேற்றல் மனுப் போடலாம். பிரிவு 72 இன்னும் கடுமையானது: உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத, 1 லட்சம் வரையிலான அபராதம், அல்லது இரண்டும். அந்த மனுவை எழுதி வங்கிக்கு ஒரு படி அனுப்புவதற்குள்ளேயே பணம் வந்துவிடுவதுண்டு.

வந்ததும் ‘முழுத் தொகையும் பெற்றேன்’ என்ற மெமோவில் கையொப்பமிடச் சொல்வார்கள். அதற்கு முன் பாஸ்புக் பதிந்து பாருங்கள். என் கணக்கில் 3,910 காட்டியது. 4,720 காட்டியிருக்க வேண்டும். அபராதத்தை மட்டும் ஒன்பது ஐந்நூறாகத் திருப்பியிருந்தார்கள். ஒன்பது தொண்ணூறு ஜி.எஸ்.டி., 810 ரூபாய், வரவில்லை. பட்டியலில் ஐந்தாவது கட்டத்தை ‘500 + 90’ என்று பிரித்து எழுதியிருந்ததால் வாதாட ஒன்றும் இருக்கவில்லை. அந்தத் தாளின் நகலை வங்கி வக்கீலிடம் கொடுத்தேன். பத்து நாளில் 810 வந்தது. அதன்பிறகே மெமோவில் கையொப்பமிட்டேன்.